கீர்த்தனையிலிருந்து மெல்லிசைக்கு: நம்மூர் வழியாக ஒரு வரலாறு



மலர்க் குழுவினர் போன் செய்து, "ஒரு கட்டுரை வேணும். ஆனா பாலம் கட்டுற சங்கதி வேண்டாம், போன மலர்லயே அதெல்லாம் வந்தாச்சு" என்றார்கள். பாலம் கட்டுகிறவனுக்கு வேறு என்ன தெரியும் என்று யோசித்தேன். கொஞ்சம் பாட்டு தெரியும். நம் கல்லூரி மெல்லிசைக் குழுவில் நான்கு வருடம் கீபோர்டு வாசித்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். இசை அறிஞர்கள் பிழை பொறுக்க வேண்டும்.

ஹாஸ்டலில் நாம் விடிய விடியப் போட்ட சண்டைகளில் பாதி சினிமாப் பாட்டைப் பற்றித்தான். அதில் ஒரு வாதம் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "நல்ல சங்கீதம் தெரிஞ்சவன் எல்லாம் காசுக்காக டப்பாங்குத்து போடப் போயிட்டான்" என்று ஒருவன் சொல்வான். "கேக்கறதுக்கு ஆள் இல்லேன்னா அவன் என்ன செய்வான்?" என்று இன்னொருவன் கேட்பான். விளக்கை அணைக்கச் சொல்லி வார்டன் வருவார். சண்டை அத்தோடு முடிந்துவிடும். தீர்ப்பு மட்டும் இன்றுவரை வரவில்லை.

அந்தச் சண்டையில் நான் அதிகம் பேசமாட்டேன். காரணம் உண்டு. திருவட்டாற்றில் எங்கள் தெருவில் ஆர்மோனிய ஆசான் ஒருவர் இருந்தார். பெயரை அச்சில் போட்டால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே ஆசான் என்றே சொல்கிறேன். ஆறு வருடம் அவரிடம் கீர்த்தனை படித்தேன். கல்லூரிக்கு வந்து மெல்லிசைக் குழுவில் சேர்ந்ததும் சனி, ஞாயிறு எல்லாம் கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று போய்விட்டது. கையில் நாலு காசு புரண்டது. பாடம் நின்றது. ஆசான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் எதிரே வந்து நின்றார். "நேத்து கொடையில நீதான வாசிச்சே? கேட்டேன் மக்கா, கை நல்லா ஓடுது" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நான் தலையைக் குனிந்து நின்றதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "நானும் நாடகக் கம்பெனிக்குப் பெட்டி வாசிச்சவன்தான். வயிறுன்னு ஒண்ணு இருக்கு இல்லியா?"

கனமான சங்கீதத்தை விட்டு இலகுவான, விலைபோகிற சங்கீதத்துக்குப் போனவர்கள் துரோகிகளா, பிழைக்கத் தெரிந்தவர்களா, இல்லை வேறு ஏதாவதா? அன்றைக்குத் தொடங்கிய யோசனை இது. பிறகு தேடிப் படித்தபோது ஓர் ஆச்சரியம் கிடைத்தது. தமிழ்ப் பாட்டு கீர்த்தனையிலிருந்து மெல்லிசைக்கு வந்த பாதையில் முக்கியமான திருப்பங்களில் நம் நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவர் நிற்கிறார். ஒருவரல்ல, மூவர்!

சினிமாவுக்கு முன்பும் உண்டு

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய வித்துவான் சின்னப் பாட்டு செய்வது சினிமா வந்தபிறகு தொடங்கிய பழக்கம் கிடையாது. மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர், வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதியிருக்கிறார். 'நோட்டுஸ்வரம்' என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுகூட அதில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய வித்துவான்கள் ஜாவளி எழுதினார்கள். ஜாவளி என்பது அந்தக் காலத்துக் காதல் பாட்டு. கச்சேரியின் கடைசியில் சிரித்த முகத்தோடு பாடுவது.

நம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 வரை திருவட்டாறு திருவிதாங்கூரோடுதான் இருந்தது. அந்த ராஜ்யத்தின் பெரிய கவிஞர், சங்கீத வித்துவான் இரயிம்மன் தம்பி (1782-1856). கீர்த்தனையும் வர்ணமும் எழுதினார், மூன்று ஆட்டக்கதைகள் எழுதினார். ஆனால் சங்கீதமே தெரியாத வீடுகளிலும் அவர் பெயர் தெரிவது ஒரு தாலாட்டால். குழந்தை சுவாதித் திருநாளுக்காக அவர் பாடிய தாலாட்டு அது. எத்தனை கனமான ஆளாக இருந்தாலும் தொட்டில் பக்கத்தில் மெல்லத்தானே பாட வேண்டும்?

ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு பதத்தைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடுவார், நடிகர் கண்ணாலும் கையாலும் அதை விரித்துக்கொண்டே போவார். கால் மணி நேரம், அரை மணி நேரம் என்று ஒரே பதம் நடக்கும். கேட்கிறவனுக்கு அவசரமில்லை. விடிந்தால்தான் வீடு. அந்தச் சங்கீதத்தின் கனம் பாதி பாட்டில் இருந்தது, பாதி அந்த ராத்திரியில் இருந்தது. இந்த விஷயம் பின்னால் முக்கியமாக வரப்போகிறது.

வடிவீஸ்வரத்துச் சிவனும் பாபநாசத்துச் சிவனும்

மூவரில் முதல்வர் நீலகண்ட சிவன் (1839-1900). நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்து பத்மநாபபுரத்தில் வாழ்ந்தவர். திருவட்டாற்றுக்காரனுக்கு பத்மநாபபுரம் பக்கத்து ஊர்தான். மலையாள ராஜ்யத்தில் இருந்துகொண்டு தமிழில் சிவன்மேல் பாடிக் குவித்தார். முகாரியிலும் பூர்விகல்யாணியிலும் கரகரப்பிரியாவிலும் அவர் செய்த பாட்டுகள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் வடிவீஸ்வரத்துக்காரர் என்று தெரியும்? நமக்கே தெரியாதே!

அவர் மறைவதற்குச் சற்று முன், 1899 வாக்கில், தஞ்சாவூர்ப் பக்கம் போலகத்திலிருந்து தகப்பனை இழந்த ராமய்யா என்ற சிறுவன் தாயோடும் அண்ணனோடும் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தான். நீலகண்ட சிவனின் பாட்டுகள் அங்கே பஜனைகளில் பாடப்பட்டு வந்தன. அந்தப் பாட்டுகள் அவனைப் பிடித்துக்கொண்டன. 1910இல் தாயும் போனபின் திருவனந்தபுரத்தை விட்டு ஊர் ஊராகப் பாடித் திரிந்தார். கடைசியில் அண்ணன் இருந்த பாபநாசத்தில் கால் பதித்தார். நெற்றி நிறையத் திருநீறோடு பாடியவரைப் பார்த்து மக்கள் வைத்த பெயர்தான் பாபநாசம் சிவன். பின்னாளில் 'தமிழ்த் தியாகய்யர்' என்று பாராட்டப்பட்டவர்.

இந்தச் சிவன்தான் 1934இல் 'சீதா கல்யாணம்' படத்துக்கு இசையமைத்தார். அதே வருடம் எம்.கே.தியாகராஜ பாகவதரின் முதல் படமான 'பவளக்கொடி'க்கும் பாட்டு எழுதினார். பிறகு 'அம்பிகாபதி' (1937), 'அசோக் குமார்' (1941), 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) என்று வரிசையாக வந்தன. 'பக்த குசேலா'வில் (1936) குசேலராகவும், 'தியாகபூமி'யில் (1939) சம்பு சாஸ்திரியாகவும் நடிக்கவே செய்தார். பக்திக் கீர்த்தனை எழுதிய கையால் ராஜகுமாரிகளின் காதல் பாட்டும் எழுதினார். சங்கீத உலகில் சிலர் முகம் சுளித்தார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

ஆனால் அவர் கீர்த்தனையை விட்டாரா? விடவில்லை. ஸ்டூடியோவுக்குப் போய்வந்த அதே காலத்தில் மார்கழி பிறந்தால் விடியற்காலையில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை பாடிக்கொண்டு போனவர் அவர். சினிமாவுக்குப் போனபின் எழுதிய கீர்த்தனைகளும் ஏராளம். ஒரே மனிதர், ஒரே ராகம். வீதியில் பாடினால் கீர்த்தனை, கொட்டகையில் பாடினால் சினிமாப் பாட்டு. 'ஹரிதாஸ்' படத்தின் பாட்டுக்குப் பிறகுதான் சாருகேசி ராகம் தமிழ்நாட்டில் சாமானியன் வாயில் நுழைந்தது. மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது 1971இல், எண்பது வயது தாண்டியபின். 1973இல் காலமானார்.

மூன்றேகால் நிமிடம்

அப்படியானால் பாட்டு ஏன் மெலிந்தது? இங்கே இன்ஜினியர் கொஞ்சம் மூக்கை நுழைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கால இசைத்தட்டு பத்து அங்குலம். நிமிடத்துக்கு 78 சுற்று. லேபிளுக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள இடத்தில் சுமார் 250 சுற்றுக்கு வரிப்பள்ளம் வெட்டலாம். 250ஐ 78ஆல் வகுத்துப் பாருங்கள், மூன்றேகால் நிமிடம் வரும். ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான். ராகம் ஆலாபனை செய்து, பல்லவிக்குப் பத்து சங்கதி போட்டு, சரணத்தில் நிரவல் செய்கிற வித்துவானை மூன்றேகால் நிமிடத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? கதகளிக்காரரிடம் கால் மணிப் பதத்தைக் கண் சிமிட்டுவதற்குள் ஆடு என்று சொல்வதுபோல. யாரும் சங்கீதத்தைக் கெடுக்க வேண்டும் என்று தட்டைச் சின்னதாகச் செய்யவில்லை. தட்டு அப்படித்தான் இருந்தது. பாட்டு அதற்குள் தன்னை மடக்கிக்கொண்டது.

சினிமாவும் அதையே செய்தது. 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ ஐம்பது பாட்டுகள். கதை என்பது பாட்டுக்குப் பாட்டு நடந்து போகிற வரப்பு மாதிரி. 'பராசக்தி' (1952) வந்தபோது பாட்டு பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கியிருந்தது. மக்கள் வசனத்தை மனப்பாடம் செய்தார்கள். வெட்டுவதற்கு மட்டும் படச்சுருள் ஓடுகிற இடத்தில் பாட்டுக்கு நின்று நிதானிக்க நேரம் ஏது?

ஒழுகினசேரிக்காரர் செய்த வேலை

இரண்டாமவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். நம்மூர் வில்லுப்பாட்டைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோனவர்.

1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் 1946 வரை ஓடியது. ஆனால் 1944 டிசம்பரிலேயே அதில் நடித்த பாகவதரும் கலைவாணரும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகிவிட்டார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு அது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். உள்ளே போனபோது இருந்த தமிழ்நாடு வெளியே வந்தபோது இல்லை. பாகவதர் தமக்குத் தெரிந்த பாணியிலேயே படங்கள் செய்தார். குரல் இருந்தது, பழைய கூட்டம் வரவில்லை. 1959இல் காலமானார். அவர் தம் சங்கீதத்தைக் கைவிடவில்லை, காலம்தான் அவரைக் கைவிட்டது.

கலைவாணர் வேறு வழியில் போனார். 'நல்லதம்பி' (1949) படத்தில் வருகிற 'கிந்தனார்' காலட்சேபத்தை நினைத்துப் பாருங்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திரம்' கதாகாலட்சேபத்தின் மணிமகுடம். அதை எடுத்து, உடுமலை நாராயண கவியின் துணையோடு, கலைவாணர் கிண்டலாகத் திருப்பிப் போட்டார். சிதம்பரம் போகத் துடித்த நந்தனுக்குப் பதில் பட்டணம் போய்ப் படிக்கத் துடிக்கிற கிந்தன். காலட்சேபத்தின் வேஷம், மெட்டு, பின்பாட்டு எல்லாம் அப்படியே இருக்கும். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும். சிரித்து முடித்து வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைக்கும், கோயில் கதவுக்கும் பள்ளிக்கூடக் கதவுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவன் ஒரே ஆள் என்று.

இதைக் கேட்டபோது என் மனதில் இருந்த தராசு ஆடிப்போனது. இதை இலகுவான பாட்டு என்று சொல்லாமல் இருக்க முடியாது. ஜனரஞ்சகம்தான், காசு சம்பாதித்த படம்தான். அந்தக் காலத்தில் முறைப்படி எழுதப்பட்ட எத்தனையோ கீர்த்தனைகள் சுமக்காத பாரத்தை இந்தச் சிரிப்புப் பாட்டு சுமந்ததே! பாட்டு இலகுவாக இருப்பது வேறு, பாட்டில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது வேறு. ஹாஸ்டல் சண்டையில் நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம்.

கலைவாணர் இன்னொன்றும் செய்தார். 'நல்லதம்பி'க்கு இசையமைத்த சி.ஆர்.சுப்பராமன் 1952இல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். அவரிடம் உதவியாளர்களாக இருந்த இரண்டு இளைஞர்கள் பாதியில் நின்ற படங்களை முடித்துக் கொடுத்தார்கள். ஒருவர் திருச்சி வயலின் குடும்பத்தில் வந்த டி.கே.ராமமூர்த்தி, இன்னொருவர் பாலக்காட்டுப் பக்கத்து எம்.எஸ்.விஸ்வநாதன். அந்த இருவரையும் தாம் இயக்கிய 'பணம்' (1952) படத்துக்கு இசையமைப்பாளர்களாக்கியவர் கலைவாணர். 'விஸ்வநாதன்-ராமமூர்த்தி' என்று பெயரைச் சேர்த்து வைத்தவரும் அவரே என்று திரையுலகில் சொல்வார்கள். 1963இல் அந்த இரட்டையருக்கு 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் கிடைத்தது. 1965இல் பிரிந்தார்கள்.

ஆக, மெல்லிசை என்ற வீட்டுக்கு வாசல் கதவைத் திறந்துவிட்டவர் ஒரு நாஞ்சில் நாட்டுக்காரர்.

ரேடியோவில் நடந்த சண்டை

இந்தச் சமயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1952இல் மத்திய அரசில் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் அதை மளமளவென்று வெட்டினார். சாஸ்திரிய சங்கீதத்தை மணிக்கணக்கில் ஒலிபரப்பினார்கள். அதற்குப் பதிலாக, ரேடியோவே சொந்தமாக மெல்லிசைப் பாட்டுகளும் தயாரித்தது.

மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரனுக்கு கொழும்பு ஒன்றும் தூர தேசம் கிடையாது. கடலுக்கு அப்பாலிருந்து தமிழ்ப் பாட்டு தெளிவாக வந்து விழும். ஆசான் சொல்வார், டீக்கடை ரேடியோவில் இலங்கை வைத்திருந்தால் கூட்டம் நிற்கும், கச்சேரி வைத்தால் டீ குடித்தவனும் எழுந்து போய்விடுவான் என்று. கச்சேரியும் கேட்க வேண்டும், சிலோனும் கேட்க வேண்டும் என்பதால் அவர் இரண்டு டீக்கடைக்கு நடப்பாராம்! கடைசியில் 1957 அக்டோபர் 3ஆம் தேதி அரசே விவித பாரதியைத் தொடங்கி சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்தது.

கேஸ்கரின் நோக்கத்தைக் குறை சொல்லமாட்டேன். அவர் காலத்தில் ரேடியோ சம்பளத்தால் எத்தனையோ வித்துவான்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் ரசனையை உத்தரவு போட்டு வளர்க்க முடியாது என்பதற்கு ஐந்தே வருடத்தில் சாட்சி கிடைத்துவிட்டது.

கிருஷ்ணன்கோவில் 'மாமா'

மூன்றாமவர் கே.வி.மகாதேவன். நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் 1918இல் பிறந்தவர். சினிமா உலகமே 'மாமா' என்று கூப்பிட்டது. மெட்டுக்குப் பாட்டு எழுது என்று கவிஞனை விரட்டாமல், எழுதிக் கொடுத்த பாட்டுக்கு மெட்டுப் போடுவதையே விரும்பியவர். இசையமைப்பாளருக்கு தேசிய விருது வழங்க ஆரம்பித்தபோது முதன்முதலில் பெற்றவர் அவர்தான், 'கந்தன் கருணை' (1967) படத்துக்காக. அடுத்த வருடம் 'தில்லானா மோகனாம்பாள்'. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தை வைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கிய ஜனத்தைக் கொட்டகையில் கட்டிப்போட்டார்.

இவர் சும்மா சாஸ்திரிய சங்கீதம் மட்டும் போட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எம்.ஜி.ஆர். படங்களுக்கு, தேவர் படங்களுக்கு எத்தனை துள்ளல் பாட்டு! தெலுங்கிலும் நூற்றுக்கணக்கான படங்கள். அப்படி முப்பது வருடம் இலகுவான பாட்டுப் போட்ட பிறகு 1980இல் 'சங்கராபரணம்' வந்தது. கே.விஸ்வநாத் இயக்கிய தெலுங்குப் படம். அதன் கதை என்ன? மேற்கத்திய மெட்டுகளும் சினிமாப் பாட்டும் வந்தபின் கச்சேரி இல்லாமல் வறுமையில் வாடுகிற ஒரு பெரிய வித்துவானின் கதை. நம் ஹாஸ்டல் சண்டையையே படமாக எடுத்ததுபோல் இருக்கும்!

வேடிக்கை என்னவென்றால், அந்த வித்துவானுக்குக் குரல் கொடுத்த எஸ்.பி.பாலசுப்பிரமணியம் முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்தவர் அல்லர். இசையமைத்தவர் ஜனரஞ்சகச் சினிமாவில் ஊறியவர். சாஸ்திரிய சங்கீதம் செத்துவிட்டது என்று அழுகிற படத்தை, அதைச் சாகடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சினிமாக்காரர்களே செய்தார்கள். தமிழ்நாட்டிலும் தெலுங்கிலேயே ஓடியது. இசையமைப்பாளருக்கும், பாடிய எஸ்.பி.பி.க்கும், வாணி ஜெயராமுக்கும் தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்துக்குப் பிறகு பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பிய வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு என்று ஆசான் சொல்லியிருக்கிறார்.

எதிர்த்திசையில் நடந்தவரும் உண்டு. 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, சினிமாவில் கொடி பறந்துகொண்டிருந்த 1986இலேயே தியாகராஜரையும் பாக்கையும் வணங்கி, சொல்லே இல்லாத 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைக் கொடுத்தார். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார்.

கணக்கு முடிக்கலாம்

ஆகவே ஹாஸ்டல் சண்டைக்கு என் தீர்ப்பு இதோ. விட்டுவிட்டுப் போனார்கள் என்பது சரியில்லை. எடுத்துக்கொண்டு போனார்கள். சிவன் கீர்த்தனையைக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனார். கலைவாணர் வில்லையும் காலட்சேபத்தையும் எடுத்துக்கொண்டு போனார். ராமமூர்த்தி பரம்பரை வயலினோடு போனார். விஸ்வநாதன் சின்ன வயதில் கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் படித்த பாடத்தோடு போனார். அவர்களுடைய இலகுவான பாட்டு இன்றும் நிற்கிறது என்றால் அடியில் கனமான ஒன்று இருந்ததால்தான்.

நம் ஊர் மாத்தூர் தொட்டிப்பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1966இல் கட்டியது, 115 அடி உயரம், 28 தூண்கள். சுற்றுலா வருகிறவர்கள் மேலே நடந்து, தொட்டியில் ஓடும் தண்ணீரைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். தண்ணீர் துள்ளிக்கொண்டுதான் ஓடும். அதைத் துள்ளவிடுவது கீழே பரளியாற்றுக்குள் கால் ஊன்றி நிற்கிற தூண். தண்ணீர் துள்ளுவதைக் குறை சொல்கிறவன் அறியாதவன். தண்ணீர்தான் வருகிறதே, தூண் எதற்கு என்கிறவனோ ஆபத்தானவன்.

என் பயம் இந்த இரண்டாவது ஆளைப் பற்றியது. அந்த ஆள் நான்தான். முன்னோர் சேர்த்து வைத்ததைச் செலவழித்து மெல்லிசை வாழ்ந்தது, சரி. நம் தலைமுறை என்ன சேர்த்தது? நான்கு வருடம் நம் குழு வாசித்தது எல்லாம் அடுத்தவர் போட்ட பாட்டு. ஒரே ஒரு சொந்தப் பாட்டு செய்தோமா? இல்லை. காசுக்கு வாசித்ததில் எனக்கு வெட்கமில்லை, ஆசானும் வாசித்தவர்தான். ஆனால் அவர் பெட்டி வாசித்துவிட்டு வந்த ராத்திரிகளில் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். அவர் காலமான பிறகு அவர் மகள் என்னைக் கூப்பிட்டு ஒரு பழைய நீள நோட்டைக் கொடுத்தார். பால் கணக்கு, அரிசிக் கணக்குக்கு நடுவே, பென்சிலில் நாற்பத்தொரு பாட்டுகள். ராகம், தாளம் குறித்து வைத்திருக்கிறார். ஆதிகேசவன்மேல் பாதி. மீதியில் ஒன்று மழையைப் பற்றி, ஒன்று பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றி. ஆறு வருடம் அவரிடம் படித்த எனக்கு அவர் பாட்டு எழுதுவார் என்பதே தெரியாது. எந்த மேடையிலும் அவர் இவற்றைப் பாடியதாக யாரும் சொல்லவில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி விழாவில் மெல்லிசைப் போட்டி வைக்கிறோம், பரிசு கொடுக்கிறோம். அதோடு மாணவர்கள் தாங்களே எழுதி மெட்டமைத்த பாட்டுக்கு ஒரு பரிசு வைப்போம். கீர்த்தனையாக இருக்கட்டும், கானாவாக இருக்கட்டும், ஜெபப் பாட்டாக இருக்கட்டும், சொந்தச் சரக்காக இருந்தால் போதும். முதல் வருடப் பரிசுத் தொகையை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது. நண்பர்களிடம் பேசிவிட்டேன்.

இந்த ஒன்றுகூடல் மாலையில் நம் பழைய மெல்லிசைக் குழு மேடை ஏறுகிறது. சினிமாப் பாட்டு நிறைய உண்டு, கவலை வேண்டாம், ஆடுகிறவர்கள் ஆடலாம். ஆனால் முதலில் ஆசானின் நோட்டிலிருந்து ஒரு பாட்டு. பஸ்ஸைத் தவறவிட்டவன் பாட்டுதான். ராகம் சாருகேசி. நாலு நிமிடத்துக்கு மேல் போகாது. அதுவரை மட்டும் தயவுசெய்து யாரும் டீ குடிக்க எழுந்து போகாதீர்கள்.

கல்லூரி அன்னைக்கு வணக்கம். அனைவரும் குடும்பத்தோடு வருக!